வேங்கையனின் கூனும் ஸாட்டோய்ச்சியின் கண்ணும்

‘அடிமைப்பெண்’ படத்தின் பெயர்பெற்ற வாட்சண்டை தரையில் நடப்பதில்லை. விரித்துக் கட்டிய வலையின் மேல் நடக்கிறது. வலைக்குக் கீழே ஈட்டிகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஒருபக்கம் செங்கோடனாக எஸ். ஏ. அசோகன். அவனுக்கு ஒரு கால் இல்லை. மறுபக்கம் வேங்கைமலை அரசனாக எம்.ஜி.ஆர். எதிரி ஒற்றைக் காலோடு வந்திருக்கிறான் என்பதால் அரசன் தன் காலொன்றையும் மடித்துக் கட்டிக்கொண்டு களமிறங்குகிறான். 1969 மே மாதம் வெளிவந்த இந்தப் படத்தைக் கே. சங்கர் இயக்கினார். எம்.ஜி.ஆரே தயாரித்தார். அந்தச் சண்டையைப் பற்றி அவருடைய ரசிகர்கள் இன்றும் வாய் ஓயாமல் பேசுவார்கள்.

சமநிலைப் போர் என்ற அறம் அந்தக் காட்சியில் உண்டு. அது போலியும் அல்ல. ஆனால் இரு உடல்களையும் படம் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. அரசனின் கட்டு சண்டை முடிந்ததும் அவிழ்ந்துவிடும். செங்கோடனின் கால் திரும்பி வராது. அந்த இழப்பில் பிறந்த பகைதான் அவனைக் கொடியவனாக்குகிறது, கதையை நகர்த்துகிறது. காலைக் கட்டிக்கொண்டவனுக்குப் பெருந்தன்மையும் காலை இழந்தவனுக்கு வஞ்சகமும் என்று பங்கு பிரிக்கப்பட்டுவிட்டது.

அதே படத்தில் மூன்றாவது உடல் ஒன்று வருகிறது. வஞ்சகத்தால் கொல்லப்பட்ட அரசனின் மகன் வேங்கையன், அவனும் எம்.ஜி.ஆர்.தான், குழந்தைப் பருவம் முதல் சிறையில் வளர்கிறான். நிமிர்ந்து நிற்க உயரமில்லாத அடைப்பு. அதனால் முதுகு கூனிப்போகிறது, பேச்சும் வரவில்லை. வெளியே வந்த அவனை ஜெயலலிதா நடித்த ஜீவா பழக்குகிறாள். சொல் சொல்லாகப் பேசக் கற்கிறான், முதுகெலும்பை நிமிர்த்துகிறான். நிமிர்ந்த பிறகுதான் அவன் கைக்கு வாள் வருகிறது. கூனிய வேங்கையனுக்குப் படம் இரக்கம் தரும், சில இடங்களில் சிரிப்பும் தரும். ஆயுதத்தை மட்டும் தராது.

தமிழ்க் கத்திச்சண்டைப் படங்கள் குறையுள்ள உடலை எப்படியெல்லாம் நடத்தின என்பதற்கு இந்த மூன்றும் போதும். வில்லனின் அடையாளமாக ஒன்று, நாயகன் சிறிதுநேரம் அணிந்து கழற்றும் அறக்கோலமாக ஒன்று, திருத்தி முடிக்கவேண்டிய நிலையாக ஒன்று. நாயகன் நாயகனாக இருக்கும்போதே கூனனாகவோ குருடனாகவோ ஒற்றைக் கையனாகவோ இருப்பது என்ற நான்காவது வழி நம் திரையில் திறக்கவேயில்லை. அதே ஆண்டுகளில் ஜப்பானில் அந்த வழியில் படத்துக்குப் பின் படம் வந்துகொண்டிருந்தது.

இந்த ஒப்பீட்டைக் கண்டிச் சீமையிலிருந்து செய்வதற்கு நேரடியான காரணம் உண்டு. தமிழ்த் திரையின் வாளைத் தன் உடலோடு ஒன்றாக்கிய எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17 இல் பிறந்தது கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில். அவர் படங்களைத் தம் வீட்டுக் கதைபோலக் கொண்டாடியவர்கள் அந்த மாவட்டத்துத் தோட்ட மக்கள். கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மேலேறினால் பன்வில. அதற்கப்பால் மடுல்கலை, ஹுலுகங்கை, நக்கிள்ஸ் மலைச்சரிவெங்கும் தேயிலை. அந்த லயங்களில் வாழ்ந்த பார்வையாளருக்கு உடலின் முழுமை வெறும் திரை அழகு அல்ல. தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குப் ‘பேர்’ விழவேண்டும், அதாவது அன்றைய வேலை முழுநாளாகப் பதிவாக வேண்டும். குறித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். தொழிற்சாலையில் ரோலரில் கை கொடுத்தவருக்கும், மழையில் சரிவில் விழுந்து இடுப்பொடிந்தவளுக்கும், கண் மங்கிய கிழவனுக்கும் அந்தக் கணக்கில் இடம் சுருங்கிக்கொண்டே போகும். உடல் குறைந்தால் கூலியும் மதிப்பும் குறையும் என்று நாள்தோறும் காட்டும் உலகில் வாழ்ந்தவர்கள், குறையுள்ள உடல் வீரம் செய்யும் கதையொன்றைப் பார்த்திருக்க வேண்டியவர்கள். அந்தக் கதை அவர்களுக்குக் காட்டப்படவில்லை.

ஜப்பானியர்களுக்குக் காட்டப்பட்டது. 1927 இல் ஃபுபோ ஹயாஷி என்ற எழுத்தாளர் செய்தித்தாள் தொடரொன்றில் தாங்கே சாஸென் என்ற வாள்வீரனைப் படைத்தார். வலக் கண் இல்லை, வலக் கை இல்லை, முகத்தில் நீளத் தழும்பு. தொடரில் அவன் முதன்மை நாயகன்கூட அல்ல. வாசகர்கள்தான் அவனை மையத்துக்கு இழுத்து வந்தார்கள். மறு ஆண்டே ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டூடியோக்கள் போட்டி போட்டுக்கொண்டு அவனைப் படமாக்கின. டென்ஜிரோ ஓகோச்சி அந்த வேடத்தால் பெருநட்சத்திரமானார். 1935 இல் சதாவோ யமனாகா எடுத்த படத்தில் சாஸென் இன்னும் மாறிப்போனான். புதையல் வரைபடம் ஒளிந்திருக்கும் பானை ஒன்று ஊரெல்லாம் கைமாறுகிறது. அந்தக் கலகலப்புக்கு நடுவே, ஓர் அனாதைச் சிறுவனைத் தன்னோடு வைத்துக்கொண்டு வளர்ப்பவனாக இந்த ஒற்றைக் கையன் வருகிறான். பயமுறுத்தும் உருவம் என்று தொடங்கியவன் எட்டே ஆண்டுகளில் குடும்பத்து மனிதனாகிவிட்டான். யமனாகா போருக்கு அனுப்பப்பட்டு 1938 இல் சீனாவில் நோயால் இறந்தபோது வயது 28. அவர் எடுத்தவற்றுள் முழுமையாக மிஞ்சிய மூன்று படங்களில் இது ஒன்று.

ஆனால் இந்த மரபின் உச்சம் ஸாட்டோய்ச்சி. கான் ஷிமோஸாவா 1948 இல் எழுதிய சிறு புனைவொன்றில் சில பக்கங்களுக்கே வந்துபோகும் குருடன் அவன். டாய்யெய் ஸ்டூடியோ 1962 இல் அவனைத் திரைக்குக் கொண்டுவந்தது. கென்ஜி மிசுமி இயக்க, ஷிந்தாரோ கட்சு நடித்தார். 1973 வரையில் 25 படங்கள், பிறகு தொலைக்காட்சியில் 100 அத்தியாயங்கள், கடைசியாக 1989 இல் கட்சுவே இயக்கிய படம். இருபத்தேழு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவனுக்குப் பார்வை திரும்பவில்லை. கதை அதைக் கேட்கவுமில்லை.

ஸாட்டோய்ச்சி சாமுராயும் அல்ல. உடம்பு பிடித்துவிட்டுப் பிழைக்கும் தொழிலாளி, சூதாடி, சூதாடிக் கும்பல்களோடு பழகியவன். சாமுராயின் வாள் தரிக்கும் உரிமை அவன் சாதிக்கு இல்லை. ஆகவே அவன் வாள் கைத்தடிக்குள் மறைந்திருக்கிறது. பார்வையின்மையும் தாழ்ந்த பிறப்பும் அவனிடம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இந்தப் பின்னலைப் படத்துக்காக யாரும் புனையவில்லை, வரலாற்றிலிருந்தே வந்தது. ஜப்பானில் பார்வையற்ற ஆண்களுக்கென்று தோதோஸா என்ற சங்கம் இருந்தது. வீணைக்கு உறவான பிவா என்ற யாழை மீட்டி ஹெய்க்கே குலத்தின் போர்க் கதையை ஊர் ஊராகப் பாடியவர்கள் பார்வையற்ற பாணர்கள். பின்னர் உடம்பு பிடித்தலும் ஊசி மருத்துவமும் அவர்கள் தொழிலாயின. சங்கத்துக்குள் படிநிலைகள் இருந்தன. உச்சியில் கெங்யோ, அடியில் ஸாட்டோ. நாயகன் பெயரின் முன்பாதியே அந்தக் கடைசிப் படிநிலைதான். எடோ காலத்து அரசு இந்தச் சங்கத்துக்குப் பாதுகாப்பும் பணம் வட்டிக்குக் கொடுக்கும் சலுகையும் அளித்தது. மெய்ஜி அரசு 1871 இல் சங்கத்தைக் கலைத்தது.

அந்த வட்டித் தொழில் பார்வையற்றோர் மேல் வெறுப்பையும் வளர்த்தது. ஸாட்டோய்ச்சிக்கு இரண்டாண்டு முன்னர், 1960 இல், கஸுவோ மோரி இயக்கிய ‘ஷிரானுய் கெங்யோ’ படத்தில் இதே கட்சு ஒரு பார்வையற்ற கொடியவனாக நடித்தார். பொய், திருட்டு, கொலை வழியாக உச்சப் படிநிலைக்கு ஏறுபவன் அவன். அதாவது ஜப்பானியத் திரையும் நம் திரையைப் போலவே குறையுள்ள உடலை வில்லனாக்கியதுண்டு. அங்கே அது நிற்கவில்லை. அதே நடிகர், அதே மூடிய கண்கள், அதே கைத்தடி, இரண்டே ஆண்டில் மக்களின் நாயகன். ஒரு திரைத்துறை தன் பார்வையை மாற்றிக்கொள்ள நூறாண்டு வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

முதல் படத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். இரண்டு கும்பல்கள் மோதப்போகின்றன. ஒன்று ஸாட்டோய்ச்சியை அழைத்து வைத்திருக்கிறது. மற்றது ஹிராத்தே மிக்கி என்ற வாள்வல்ல சாமுராயை. மிக்கிக்குக் காசநோய் முற்றியிருக்கிறது. இருவரும் குளக்கரையில் தூண்டில் போடும்போது சந்திக்கிறார்கள், நட்பாகிறார்கள். ஸாட்டோய்ச்சி அவன் தோளைப் பிடித்துவிடுகிறான், அவன் உடலின் நிலையைத் தன் விரல்களால் அறிகிறான். இறுதிப் போரில் மிக்கி படுக்கையிலிருந்து எழுந்து வருவது வெல்வதற்காக அல்ல. நோயின் கையில் சாவதைவிட இந்த நண்பனின் வாளில் சாவது மேல் என்று எண்ணியே வருகிறான். பாலத்தின் மேல் அந்த மோதல் நொடியில் முடிந்துவிடுகிறது. பார்வையற்றவனும் நோயாளியும்தான் அந்தப் படத்தின் இரு பெரும் வீரர்கள். கண்ணும் கையும் காலும் முழுமையாக உள்ளவர்களெல்லாம் பேராசைக்காரர்களாகவும் கோழைகளாகவும் சுற்றி நிற்கிறார்கள்.

இந்தத் தொடர் மேல் வைக்கப்படும் விமர்சனம் வலுவானது. காற்றில் பறக்கும் ஈயை வெட்டுபவன், பகடையின் ஒலியில் எண்ணைச் சொல்பவன் உண்மையில் பார்வையற்றவனா, அல்லது பார்வைக்கு மேலான ஒரு மாயப் புலன் படைத்தவனா? உடற்குறையுள்ளவர் மதிக்கப்பட வேண்டுமானால் அதிமனிதராக இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பை இத்தகைய பாத்திரங்கள் வளர்க்கின்றன என்று மாற்றுத்திறனாளர் உரிமைக்காக எழுதுவோர் உலகெங்கும் சொல்கிறார்கள். அது சரி. நடித்தவர் பார்வையுள்ளவர் என்பதும் சரி. ஆயினும் படங்களை வரிசையாகப் பார்ப்பவருக்கு வேறொன்றும் தென்படும். வாள் உறையிலிருக்கும் நேரமே படத்தில் அதிகம். ஏமாற்றிச் சில்லறை கொடுப்பவர்கள், வழியில் தடி வைப்பவர்கள், காதருகே கத்திப் பேசுபவர்கள், குருடன்தானே என்று எதிரிலேயே சதி பேசுபவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் வருகிறார்கள். சமூகம் ஒரு பார்வையற்றவரை எப்படி நடத்துகிறது என்பதன் நுணுக்கமான பதிவு அது. சண்டைக்காட்சி மிகையானாலும் சோறுண்ணும் காட்சி மிகையல்ல.

கட்சுவின் வெற்றி கடல்தாண்டியது. 1967 இல் ஹொங்கொங்கின் ஷோ பிரதர்ஸ் நிறுவனத்துக்காக சாங் சே ‘ஒற்றைக் கை வாள்வீரன்’ எடுத்தார். ஜிம்மி வாங் யூ நடித்த அந்த நாயகன் இழந்த வலக்கைக்காக அழுதுகொண்டிராமல் இடக்கைக்கென்று புது வாள்வித்தை கற்கிறான். 1971 இல் அவனும் ஸாட்டோய்ச்சியும் ஒரே படத்தில் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். 1969 இல் ஷோச்சிக்கு நிறுவனம் ஒய்ச்சி என்ற பார்வையற்ற வாள்வீராங்கனையை வைத்துப் படவரிசை தொடங்கியது. யோக்கோ மட்சுயாமா நடித்த நான்கு படங்கள் வந்தன. பிறப்பால் விலக்கப்பட்டவர்களுக்கும் இந்தத் திரையில் வாள் கிடைத்தது. 1963 முதல் 1969 வரை ரைஸோ இச்சிகாவா 12 படங்களில் நடித்த நெமுரி கியோஷிரோ, வெளிநாட்டுப் பாதிரிக்கும் ஜப்பானியப் பெண்ணுக்கும் பிறந்தவன். செம்பட்டை முடியோடு எவ்வூரிலும் ஒட்டாமல் திரிபவன். குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ (1954) படத்தில் சாமுராய் என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டு வரும் கிகுச்சியோ உழவன் மகன். படம் பெரிதும் நேசிப்பது அவனைத்தான்.

நம் பக்கம் வருவோம். குறை நம் கதைவளத்தில் இல்லை.

புறநானூற்றுப் புலவர் வரிசையில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் இருக்கிறார். பொருநராற்றுப்படை பாடியவர் முடத்தாமக்கண்ணியார். காலில்லாதவர் பார்வையற்றவரின் தோளிலேறி வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகப் பாடித் திரிந்த இரட்டைப்புலவர்களைத் தமிழ் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வையற்றவராகவே பெரும்புலவரானவர். ஈழத்துக்கு வந்து பரராசசேகர மன்னனிடம் பரிசில் பெற்றார் என்பது வழிவழிச் செய்தி. யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும் தொன்மத்தில், அரசவையில் யாழ் வாசித்து மணற்றிடலைப் பரிசாகப் பெற்ற பாணனும் பார்வையற்றவன். ஜப்பானியப் பிவாப் பாணர்களுக்கும் இந்த யாழ்பாடிக்கும் இடையே உள்ள உறவு யாருக்கும் தோன்றக்கூடியதே. ஜப்பானியர் தம் பாணனின் கையில் ஒரு தடிவாளைக் கொடுத்துத் திரைக்கு அனுப்பினார்கள். நம்மவர் யாழ்பாடியை ஊர்ப்பெயர்க் கதையோடு விட்டுவிட்டார்கள்.

வரலாற்று நாவல்களில் இந்தப் பிரிவு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ கதையில் நரபலி கேட்கும் மகா கபால பைரவன் ஒற்றைக் கையன். 1960 இல் அது படமானபோதும் அந்தக் கை திகிலின் அடையாளமாகவே வந்தது. ஜப்பானில் அதே ஒற்றைக் கை சாஸெனாகி முப்பதாண்டுகளுக்கு மேலாகியிருந்த நேரம் அது. ஆனால் கல்கியே வேறு வழியையும் அறிந்திருந்தார். ‘பொன்னியின் செல்வன்’ கதையில் திருப்புறம்பியப் போர் பற்றிய பகுதியில் விஜயாலய சோழர் வருகிறார். உடலில் தொண்ணூற்றாறு தழும்புகள், கால்கள் வழங்காத முதுமை. சோழப் படை பின்வாங்கும் நேரத்தில் வீரர்களின் தோளில் ஏறிக்கொண்டு, இரு கையிலும் வாள் சுழற்றிக் களத்துக்குள் நுழைகிறார், போர் திசைமாறுகிறது. இரட்டைப்புலவர் கதையின் போர்க்கள வடிவம் அது. நடக்க முடியாதவரே அங்கே வெற்றிக்குக் காரணம். நிமிர்த்தப்படவில்லை, குணமாக்கப்படவில்லை, பிறர் தோள் அவருக்கு வெட்கமும் அல்ல. ஓர் இயக்குநருக்கு இதைவிடச் சிறந்த காட்சி வேண்டுமா? 2022 செப்டெம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னம் தந்த இரு பாகங்களில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

இடம் கிடைத்தவர் மந்தாகினி என்ற ஊமை ராணி. காது கேளாத, பேச்சில்லாத அந்தப் பெண் ஈழத்துக் காடுகளிலும் கடலிலும் தனியே உலவுபவள், யானைகளோடு பழகியவள். அருள்மொழிவர்மனைப் பலமுறை காப்பவள். சுந்தர சோழரை நோக்கி வந்த ஆயுதத்தைத் தன் உடலில் வாங்கி இறப்பவள். நாவலின் ஆற்றல்மிக்க பெண்களில் அவளுக்கு நிகர் சிலரே. கல்கி அவளுக்குச் சைகை மொழியைத் தருகிறார், சித்திரம் வரையும் கையையும் தருகிறார். அவள் சொல்வதை அருள்மொழி எளிதாக விளங்கிக்கொள்கிறான். திரையில் ஐஸ்வர்யா ராய் அவளுக்குக் கண்ணியமான உருவம் கொடுத்தார். ஆனால் பேசும் காட்சி, அதாவது கைகளால் பேசும் காட்சி, சுருங்கிவிட்டது. தண்ணீரிலிருந்து தோன்றி மறையும் மர்மமாக அவள் மிஞ்சினாள். அருளும் அவளும் நிதானமாக உரையாடும் ஒரு முழுக் காட்சி இருந்திருந்தால் அந்தப் படம் வேறாகியிருக்கும்.

அரண்மனைப் படங்களின் பழைய பக்கங்களில் இதைவிட வருத்தமானவை உண்டு. ‘மனோகரா’ (1954) படத்தில் வசந்தசேனையின் மகன் வசந்தன் மனவளர்ச்சி குன்றியவன். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து அப்படியே வந்த பாத்திரம். காகா ராதாகிருஷ்ணனின் நடிப்பில் அரங்கம் சிரித்தது. சிரிக்கத்தான் அவன் அங்கே வைக்கப்பட்டிருந்தான். ஒட்டிப் பிறந்த இரட்டையரைக் கொண்டு ஜெமினி எடுத்த ‘அபூர்வ சகோதரர்கள்’ (1949) சற்று வேறு. எம். கே. ராதா இரு வேடங்களில் வந்தார். பிறந்ததுமே அறுவைச் சிகிச்சையால் பிரிக்கப்பட்ட பின்னும் ஒருவன் உணர்வு மற்றவனுக்குள் ஓடுகிறது. உடலின் வேறுபாட்டைக் கேலியாக்காமல் கதையின் உயிராக வைத்த முயற்சி அது. இங்கும் பிரித்தபிறகுதான் வாள்.

கத்திப் படங்களுக்கு வெளியே, ‘பாகப்பிரிவினை’ (1959) கையும் காலும் வழங்காத கண்ணையனாகச் சிவாஜியை முழுப் படத்துக்கும் நாயகனாக்கியது. அந்தத் துணிவுக்கு உரிய பெயர் அதற்கு உண்டு. முடிவில் அவனும் குணமாகிவிடுகிறான். கூன் பாண்டியனை நிமிர்த்தி நின்றசீர் நெடுமாறனாக்கிய சைவக் கதை நம்முள் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அருள் கிட்டினால் உடல் நேராகும், நேராகாவிட்டால் அருள் கிட்டவில்லை. திரைக்கதை எழுதியவர்கள் அறிந்தோ அறியாமலோ அந்தத் தடத்திலேயே நடந்தார்கள்.

விதிவிலக்கென்று ஒன்றைச் சொல்லலாம். அதுவும் எம்.ஜி.ஆர். படம்தான், தோட்ட மக்களோடு மிக நெருங்கியதும் அதுதான்.

‘மதுரை வீரன்’ 1956 இல் வந்தது. லேனா செட்டியார் தயாரிப்பு, டி. யோகானந்த் இயக்கம், கண்ணதாசன் வசனம். செருப்புத் தைக்கும் சின்னானின் வீட்டில் வளர்ந்த வீரன் பொம்மியை மணக்கிறான், கள்ளரை அடக்குகிறான், வெள்ளையம்மாளை நேசித்துத் திருமலை நாயக்கரின் சினத்துக்கு ஆளாகிறான். தண்டனை மாறுகால் மாறுகை வாங்குதல். நாயகனின் கையும் காலும் வெட்டுப்படுகின்றன. எந்த முனிவரும் வந்து அவற்றை ஒட்டவைக்கவில்லை. தமிழ்த் திரையின் அழகன், வெல்லமுடியாத வாள்காரன், உறுப்பிழந்து கிடப்பதை அரங்கங்கள் கண்ணீரோடு பார்த்தன, நூறு நாளுக்கு மேல் பார்த்தன.

வீரன் மலையகத்துக்குப் படத்தோடு வந்தவன் அல்லன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துவந்தவர்களோடு வந்த சாமி. மாரியம்மனுக்கு ஊர்க்கோயில் எழுப்பிய அதே மக்கள் மாடசாமிக்கும் முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் மரத்தடியிலும் தேயிலை மலையோரத்திலும் கல் நட்டார்கள். வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சக்கிலியர் வீட்டில் வளர்ந்து அரசனால் வெட்டுண்டவன் அவர்களுக்குத் தூரத்துத் தெய்வமாக இருந்திருக்க முடியாது. வீரன் காசி அரசனின் மகனாகப் பிறந்தான் என்று கதைப்பாடலில் வரும் தொடக்கம் பின்னால் ஒட்டப்பட்டது என்று நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். படமும் அந்த அரச பிறப்பை விடாமல் பிடித்துக்கொண்டது. கையையும் காலையும் இழக்க வைத்த கதையால் சாதியை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. வீரனின் சிலைகளும் இதையே செய்கின்றன. முறுக்கிய மீசை, ஓங்கிய வாள், குறையேதுமற்ற உடல். வெட்டுண்ட உடலோடு அவனைக் கும்பிட நாம் இன்னும் பழகவில்லை.

ஆனால் அந்த மக்கள் வெட்டுண்ட, சுடப்பட்ட உடலை ஏற்க மறுத்தவர்கள் அல்லர். இதைச் சொல்ல எம்.ஜி.ஆரின் சொந்த உடலைப் பார்த்தாலே போதும். 1959 இல் சீர்காழியில் ‘இன்பக் கனவு’ நாடகத்தின்போது உடன்நடித்த குண்டுமணியைத் தூக்கியதில் அவர் கால் முறிந்தது. மாதக்கணக்கில் படுக்கை. 1967 ஜனவரி 12 இல் சக நடிகர் எம். ஆர். ராதா சுட்ட குண்டு காதோரம் பாய்ந்தது. உயிர் தப்பியது, ஒரு காதின் கேட்கும் திறன் போனது, குரல் மாறியது. கழுத்தில் கட்டோடு இருந்த அவர் படம் தேர்தல் சுவரொட்டியாகத் தமிழ்நாடெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் மருத்துவமனையில் இருந்தபடியே வென்றார். பிறகு வந்த ‘காவல்காரன்’ படத்தில் வேறொருவர் குரல் கொடுக்க அவர் விடவில்லை. கரகரத்த, சில எழுத்துகளில் தடுக்கும் அந்தக் குரலிலேயே பேசினார். சனம் முணுமுணுக்கவில்லை. அந்தக் குரலையே அவர் குரலாக எடுத்துக்கொண்டது. 1965 இல் சரோஜாதேவியோடு இலங்கைக்கு வந்தபோது அவரைப் பார்த்தவர்கள் கேட்டது பழைய குரலை. இரண்டே ஆண்டில் திரையில் வேறு குரல். இங்கும் யாரும் அரங்கை விட்டு எழுந்து போகவில்லை.

இப்போது வேங்கையனுக்குத் திரும்பினால் அந்தக் காட்சிகளின் பொருள் மாறிப்போகிறது. பேச்சில்லாத ஒருவன் முதற்சொல்லைச் சொல்லத் திணறும் காட்சியில் நடிப்பவர், ஈராண்டு முன்னர் தானே பேச்சுக்குத் திணறியவர். நடிகரின் உண்மையான உடற்குறை திரையில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கதை மட்டும் முழுக் குணம் என்ற பழைய முடிவை நோக்கி ஓடுகிறது. பார்வையாளர் தயாராக இருந்தார்கள், நடிகரின் உடலே தயாராக இருந்தது, எழுத்து மட்டும் தயாராகவில்லை. ஒரு காது கேளாத, குரல் உடைந்த வாள்வீரனை அன்றே எழுதியிருக்கலாம். மக்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். 1984 இல் பக்கவாதம் தாக்கி நியூயோர்க்கின் புரூக்ளினில் படுத்திருந்தபோதும் தேர்தலில் வென்றவர் அவர். 1987 டிசம்பரில் இறக்கும்வரை தெளியாத பேச்சோடு முதலமைச்சராக இருந்தார். அரசியலில் கிடைத்த அந்த ஏற்பு கத்திப் படக் கதைகளுக்குள் ஒருபோதும் நுழையவில்லை.

சமகாலத் தமிழ்ப்படம் சில தூரம் வந்திருக்கிறது. ‘மொழி’ (2007) காது கேளாத பெண்ணைக் குணப்படுத்தாமலே காதல் கதையின் மையமாக்கியது. பாலாவின் ‘நான் கடவுள்’ (2009) படத்தில் பார்வையற்ற பாடகியாக நடித்த பூஜா இலங்கையைச் சேர்ந்தவர். அவரைச் சுற்றி உண்மையிலேயே உடற்குறையுள்ள பலர் நடித்தார்கள், அவர்கள் எப்படிக் காட்டப்பட்டார்கள் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ‘தாண்டவம்’ (2012) ஸாட்டோய்ச்சிக்கு மிகக் கிட்டவந்த தமிழ்ப்படம். விக்ரம் நடித்த பார்வையற்ற நாயகன் நாவால் சொடுக்கி, எதிரொலியால் இடமறிந்து சண்டையிடுகிறான். இது கற்பனை அல்ல. அமெரிக்காவின் டேனியல் கிஷ் பல்லாண்டாகப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் முறை. அவரே படத்துக்கு வழிகாட்டி, திரையிலும் தோன்றினார். பார்வையற்ற ஒருவரின் அறிவைக் கேட்டு அமைத்த சண்டைக்காட்சி என்ற வகையில் அதை மதிக்கவேண்டும்.

சட்டமும் பேசத் தொடங்கியிருக்கிறது. 2024 ஜூலை 8 இல் இந்திய உச்சநீதிமன்றம், நிப்புன் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், திரைப்படங்கள் மாற்றுத்திறனாளிகளைக் காட்டும் முறைக்கு நெறிகள் வகுத்தது. இழிவுசெய்யும் நகைச்சுவையும் புரிதலை வளர்க்கும் நகைச்சுவையும் வேறுவேறு என்று பிரித்தது. அவர்களைப் பற்றிய படைப்பில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்றது. இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உடற்குறையுள்ளோர் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தை நாடு 2016 இல் ஏற்றுக்கொண்டது. 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேருக்கு ஏதேனும் ஒரு செயற்பாட்டுச் சிரமம் இருந்தது. மூன்று தசாப்தப் போரில் காலும் கண்ணும் இழந்த இருதரப்பு இளைஞர்களும் அந்த எண்ணுக்குள் அடக்கம்.

இந்த நாட்டின் போர்வீரர் கதைகளில் அந்த உடல் நேராக நிற்கும் படமென்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ (1997). ஜோ அபேவிக்ரம நடித்த வன்னிஹாமி பார்வையற்ற கிழவர். படையில் சேர்ந்த மகன் இறந்துவிட்டான் என்று முத்திரையிட்ட சவப்பெட்டி வருகிறது. ஊரே நம்புகிறது. இழப்பீட்டுப் பணம் வரும், பாதியில் நிற்கும் வீட்டைக் கட்டிவிடலாம். வன்னிஹாமி மட்டும் ஒப்புக்கொள்ள மறுத்து, மண்வெட்டி எடுத்துப் புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டியில் மகனின் உடல் இல்லை. அவர் கண் திறக்கவில்லை, மாயப் புலனும் கிடைக்கவில்லை, யாரையும் வெட்டவுமில்லை. அரசு 2000 இல் படத்தைத் தடைசெய்தது. உச்சநீதிமன்றம் மறு ஆண்டு தடையை நீக்கியது. அபேவிக்ரமவுக்கு 1999 இல் சிங்கப்பூர் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. திரையிட அனுமதி கிடைத்தபோது நாடெங்கும் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்தார்கள்.